தவிட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு

அசாம், மேகாலயா, நாகாலாந்து மாநிலங்களின் சிற்றூர்களில் வீட்டின் பின்புறம் வளரும் பன்றி, பல குடும்பங்களுக்குச் சேமிப்புக் கணக்கைப் போன்றது. பிள்ளையின் பள்ளிக் கட்டணம், எதிர்பாராத மருத்துவச் செலவு, திருமணம், விதைப்புக் காலத்துத் தேவை ஆகியவை வரும்போது அந்தப் பன்றி விற்கப்படுகிறது. அச்சேமிப்பை நாள்தோறும் பேணி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். காலையிலும் மாலையிலும் அவர்கள் தொட்டியில் இடும் தவிடு, சர்க்கரைவள்ளிக் கொடி, சேம்பு இலை, நறுக்கிய வாழைத்தண்டு ஆகியவையே அக்கணக்கின் தவணைகள்.

2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் ஏறத்தாழ 90.6 இலட்சம் பன்றிகள் இருந்தன. 2012-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்போடு ஒப்பிட்டால் இது சுமார் 12 விழுக்காடு குறைவு. ஆயினும் அசாமில் மட்டும் எண்ணிக்கை சுமார் 16 இலட்சத்திலிருந்து 21 இலட்சமாக உயர்ந்தது. அடுத்த இடங்களில் ஜார்க்கண்டும் மேகாலயாவும் இருந்தன. இம்மூன்று மாநிலங்களும் சேர்ந்து நாட்டின் பன்றிகளில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் வளர்த்தன. பெரும்பண்ணைகள் குறைவாகவும், இரண்டு மூன்று பன்றிகள் வளர்க்கும் எளிய வீடுகள் மிகுதியாகவும் உள்ள பகுதிகள் இவை.

இவ்விதழின் தமிழ் வாசகர்களில் பலர் பன்றி வளர்ப்பவர்கள் அல்லர். எனினும் ஒரு தேசிய வங்கியில் நாம் இடும் வைப்புத்தொகை, கடனாக உருமாறி இத்தகைய வீடுகளையும் சென்றடைகிறது. அக்கடன் குடும்பத்தை உயர்த்துமா, சுமையாகுமா என்பது பெரிதும் ஒரே கேள்வியைப் பொறுத்தது: அந்தப் பன்றி எதைத் தின்று வளர்கிறது? பன்றி வளர்ப்பின் மொத்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத் தீவனத்துக்கே செல்கிறது. அப்படியிருக்க, கடன் விண்ணப்பத்தில் குட்டியின் விலையும் கொட்டகையின் மதிப்பீடும் விரிவாக எழுதப்பட்டு, தீவனம் மட்டும் ஒரே வரியில் முடிந்துவிடுமானால் அம்மதிப்பீடு முழுமையானது ஆகாது. பயிர்க்கழிவு என்று நாம் தள்ளிவைக்கும் நார்மிகு துணைப்பொருள்களுக்கும் முறையான கணக்கு எழுதி, அவற்றைப் பதப்படுத்தவும் கடன் வழங்க வேண்டும் என்பதே நம் கருத்து.

இரு தவறான எண்ணங்கள்

பயிரின் துணைப்பொருள்களைப் பற்றி இரண்டு எண்ணங்கள் பரவலாக நிலவுகின்றன. ஒன்று, அவை விலையில்லாப் பொருள்கள்; எனவே அவற்றை எவ்வளவு கொடுத்தாலும் இலாபமே என்பது. மற்றொன்று, அவை சத்தற்ற சக்கைகள். முன்னேற விரும்பும் பண்ணையாளர் ஆலையில் தயாரித்த கலப்புத் தீவனத்தையே முழுவதும் வாங்க வேண்டும் என்பது. முதல் எண்ணத்தால் பன்றி வளராமல் நிற்கிறது. இரண்டாம் எண்ணத்தால் பன்றி வளர்கிறது. ஆனால் விற்ற பணம் தீவனக் கடைக்கே போய்விடுகிறது. உண்மை இவ்விரண்டுக்கும் இடையில் இருக்கிறது. அதை அறியப் பன்றியின் குடலைச் சிறிது புரிந்துகொள்ள வேண்டும்.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் நான்கு அறைகள் கொண்ட இரைப்பை உண்டு. அதன் முதல் அறையில் வாழும் நுண்ணுயிர்கள் வைக்கோலையும் செரிக்கவைத்துவிடும். பன்றிக்கு நம்மைப் போல ஒரே அறை கொண்ட இரைப்பைதான். நாரைச் சிதைக்கும் நொதி அதன் உடலில் சுரப்பதில்லை. நார் சிறுகுடலைக் கடந்து பெருங்குடலை அடைந்த பின்னரே அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைக்கின்றன. அப்போது உண்டாகும் அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களை உடல் உறிஞ்சி ஆற்றலாகப் பயன்படுத்திக்கொள்கிறது. ஆனால் மாவுச்சத்து சிறுகுடலிலேயே செரித்துத் தரும் ஆற்றலோடு ஒப்பிட்டால் இவ்வழியில் கிடைப்பது குறைவே.

வயது ஏற ஏறப் பன்றியின் பெருங்குடல் விரிவடைகிறது. அதில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டமும் பெருகுகிறது. ஆகவே பால் மறந்த குட்டியால் நாரைத் தாங்க முடியாது. 20 கிலோ எடையைக் கடந்த வளரும் பன்றியால் ஓரளவு முடியும். 50 கிலோவைக் கடந்த பன்றியால் இன்னும் சற்று மிகுதியாக முடியும். சினையுற்ற தாய்ப்பன்றிக்கோ நார்மிகு தீவனம் வயிறு நிறைந்த அமைதியைத் தருகிறது, மலச்சிக்கலையும் தவிர்க்கிறது. ஒரே கூடைத் தவிடு ஒரே கொட்டகையில் ஒரு விலங்குக்கு உணவாகவும் மற்றொன்றுக்குத் தடையாகவும் அமைவது இதனால்தான்.

குட்டிக்கு நேரும் தடை எளிதில் விளங்கக்கூடியது. அதன் வயிறு சிறியது. நார் இடத்தை அடைக்கும் பொருள். வயிறு நிறைந்துவிடுகிறது, ஆனால் வளர்ச்சிக்கு வேண்டிய ஆற்றலும் புரதமும் உள்ளே சென்றிருப்பதில்லை. தொட்டி காலியாகிவிட்டதைப் பார்த்து, ‘நன்றாகத் தின்கிறது’ என்று நாம் மகிழ்கிறோம். மாதக் கடைசியில் எடை போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரிகிறது.

நார் எல்லாம் ஒன்றல்ல

நார் என்ற ஒரே சொல்லுக்குள் பல பொருள்கள் அடங்கியுள்ளன. நெல்லின் உமியில் இருக்கும் நார் மரத்தன்மை ஏறியது. மணற்சத்தான சிலிக்காவும் அதில் மிகுதி. பெருங்குடல் நுண்ணுயிர்களாலும் அதை ஏறத்தாழ ஒன்றும் செய்ய இயலாது. கிழங்குச் சக்கையிலும் இளங்கொடியிலும் இருக்கும் நார் மென்மையானது, எளிதில் புளிக்கக்கூடியது. ஆகவே தீவனப்பையில் அச்சிட்ட நார் விழுக்காட்டை மட்டும் பார்ப்பது போதாது. அந்நார் எதிலிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும்.

தவிட்டையே முதலில் எடுத்துக்கொள்வோம். நெல்லை அரைக்கும்போது அதன் எடையில் சுமார் 20 விழுக்காடு உமியாகவும் 8 விழுக்காடு அளவுக்குத் தவிடாகவும் பிரிகிறது. உமியைத் தனியே நீக்கிய பின் அரிசியைத் தீட்டும் நவீன ஆலைகளில் கிடைக்கும் தவிட்டில் 12 முதல் 15 விழுக்காடு வரை புரதமும், நல்ல அளவில் எண்ணெயும் உண்டு. ஆனால் சிற்றூர்களில் இன்றும் இயங்கும் ஹல்லர் வகைச் சிறு ஆலைகளில் உமியும் தவிடும் ஒன்றாகவே வெளிவருகின்றன. இரண்டையும் சந்தையில் ‘தவிடு’ என்றே விற்கிறார்கள். பெயர் ஒன்று, பொருள் வேறு. உமி கலந்த தவிட்டை வாங்கிய பெண்மணி உண்மையில் வாங்கியது பாதித் தீவனமே. ஒரு கைப்பிடி அள்ளித் தேய்த்து, உமித் துகள் குத்துகிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். தண்ணீரில் சிறிது தூவினால் உமி மிதக்கும்.

நல்ல தவிட்டுக்கும் சில எல்லைகள் உண்டு. அரைத்த சில நாள்களிலேயே அதன் எண்ணெய் கெடத் தொடங்கிக் காறல் வாடை வரும்; ஆகவே அதை மாதக்கணக்கில் சேமிக்க இயலாது. எண்ணெய் நீக்கிய தவிடு நெடுநாள் கெடாது. ஆனால் அதில் ஆற்றல் குறைவு. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதியாக இருந்தாலும் அதன் பெரும்பகுதி பன்றியால் பயன்படுத்த முடியாத வடிவில் உள்ளது. சுண்ணாம்புச் சத்தோ மிகக் குறைவு. வளரும் பன்றியின் தீவனத்தில் நல்ல தவிட்டை மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் சேர்ப்பது பொதுவான நடைமுறை. அளவு கடந்தால் வளர்ச்சி குன்றுவதோடு, இறைச்சியின் கொழுப்பும் இளகிப்போய் விற்பனையில் விலை குறையும்.

அடுத்து, சர்க்கரைவள்ளிக் கொடி. வடகிழக்கு மாநிலங்களில் இது பன்றியின் மரபான உணவு. உலர்ந்த நிலையில் கணக்கிட்டால் இக்கொடியில் தவிட்டுக்கு இணையாகவும் சில வேளைகளில் அதைவிட மிகுதியாகவும் புரதம் உண்டு. குறை என்னவென்றால், அறுவடைக் காலத்தில் ஒரேயடியாகக் குவிகிறது, பின்னர் கிடைப்பதில்லை. பச்சையாகவோ வேகவைத்தோ நாள்தோறும் கொடுக்கும் வழக்கத்தால் விறகும் உழைப்பும் செலவாகின்றன. இதற்கு எளிய மாற்று, சைலேஜ் என்றும் ஊறுகாய்ப்புல் என்றும் சொல்லப்படும் பதப்படுத்தும் முறையாகும். கொடியை அரைநாள் வாடவிட்டு, சிறு துண்டுகளாக நறுக்கி, சிறிது தவிடோ கிழங்கு மாவோ கலந்து, சிட்டிகை உப்பிட்டு, காற்று வெளியேறும்படி பிளாஸ்டிக் பையிலோ பீப்பாயிலோ அழுத்தி மூடிவைத்தால் சுமார் மூன்று வாரங்களில் புளித்துத் தயாராகிவிடும். காற்றுப் புகாதவரை மாதக்கணக்கில் கெடாது. அடுப்பு எரிக்கும் வேலையும் இல்லை.

மரவள்ளி இலையிலும் புரதம் நிறைந்திருக்கிறது. ஆனால் பச்சையிலையில் சயனைடு நச்சு உண்டு. நறுக்கி வெயிலில் உலர்த்தினாலும் மேற்கூறியவாறு புளிக்கவைத்தாலும் அந்நச்சு பெரிதும் குறைகிறது. பச்சையாகக் கொடுக்கவே கூடாது. மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஸ்டார்ச் எடுத்த பின் எஞ்சும் சக்கையைச் சேலம், நாமக்கல் பகுதி ஜவ்வரிசி ஆலைகளில் ‘திப்பி’ என்பார்கள். அதில் மாவுச்சத்து இன்னும் கணிசமாகத் தங்கியிருப்பதால் ஆற்றல் கிடைக்கும். புரதம் மட்டும் மிகமிகக் குறைவு. பிண்ணாக்கு சேர்க்காமல் திப்பியை மட்டும் கொடுத்தால் பன்றி கொழுக்கலாம், வளராது. வாழைத்தண்டோ பெரும்பகுதி நீர். அதை வயிற்றை நிரப்பும் பொருளாகவே கருத வேண்டும்.

இவற்றோடு நகரங்களின் பீர் ஆலைச் சக்கையும், வடகிழக்கிலும் ஜார்க்கண்டிலும் வீடுகளில் சோற்று மது வடித்தபின் எஞ்சும் சக்கையும் உண்டு. இவற்றில் புரதம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஈரச் சக்கையின் எடையில் முக்கால் பங்குக்கும் மேல் தண்ணீர்; ஓரிரு நாளில் கெட்டுவிடும். நெடுந்தொலைவிலிருந்து வண்டி வைத்துக் கொண்டுவருவது தண்ணீருக்கு வாடகை கொடுப்பதற்கு ஒப்பாகும். அண்மை ஆண்டுகளில் மக்காச்சோளம் எத்தனால் ஆலைகளுக்கும் பெருமளவில் செல்லத் தொடங்கியிருக்கிறது. தீவனத்துக்கு அதை நம்பியிருப்பவர்கள் விலையேற்றத்தை உணர்கிறார்கள். அந்த ஆலைகளிலிருந்து ‘டி.டி.ஜி.எஸ்.’ என்ற பெயரில் உலர்ந்த சக்கை சந்தைக்குத் திரும்பி வருகிறது. புரதமும் நாரும் மிகுந்த அச்சக்கை பயனுள்ளதே. ஆனால் மூலத் தானியத்தில் பூஞ்சை நச்சு இருந்தால் மாவுச்சத்து நீங்கிய சக்கையில் அது ஏறத்தாழ மும்மடங்காகச் செறிந்துவிடும். ஆகவே பரிசோதனைச் சான்று இல்லாத சரக்கை, விலை மலிவு என்பதற்காக வாங்கலாகாது.

கிலோ விலையும் கிலோ எடையும்

இங்கே வங்கிக் கணக்குக்கு வருவோம். தீவனம் வாங்குவோர் பார்ப்பது ஒரு கிலோ தீவனத்தின் விலை. பார்க்க வேண்டியதோ, பன்றியின் உடலில் ஒரு கிலோ எடை கூட எவ்வளவு செலவாகிறது என்பது. கணக்கின் வழியை விளக்குவதற்காக மட்டும் சில எண்களைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். சந்தை விலை இடத்துக்கு இடம் மாறும்.

முழுவதும் விலைக்கு வாங்கிய கலப்புத் தீவனம் கிலோ 34 ரூபாய். ஒரு கிலோ எடை கூட அது 3.5 கிலோ தேவை. செலவு 119 ரூபாய். உமி கலந்த தவிட்டை அளவின்றிச் சேர்த்த தீவனம் கிலோ 26 ரூபாய். ஒரு கிலோ எடைக்கு 5 கிலோ தேவை. செலவு 130 ரூபாய். நல்ல தவிடும் பதப்படுத்திய கொடியும் அளவோடு சேர்த்து, பிண்ணாக்கும் தாது உப்பும் கொண்டு சமன்செய்த தீவனம் கிலோ 28 ரூபாய். ஒரு கிலோ எடைக்கு 3.8 கிலோ தேவை. செலவு சுமார் 106 ரூபாய். 10 கிலோ குட்டியை 80 கிலோ வரை வளர்க்க, அதாவது 70 கிலோ எடை கூட்ட, இம்மூன்று வழிகளிலும் ஆகும் செலவு முறையே 8,330, 9,100, 7,448 ரூபாய். கிலோ விலையில் மிக மலிவாகத் தோன்றிய தீவனமே முடிவில் மிகுந்த செலவை வைக்கிறது.

நாள்களின் கணக்கும் உண்டு. நாளொன்றுக்கு 500 கிராம் எடை கூடும் பன்றி அந்த 70 கிலோவை 140 நாளில் எட்டும். 250 கிராம் மட்டுமே கூடும் பன்றிக்கு 280 நாள் வேண்டும். கூடுதலான 140 நாளும் அது உயிரோடிருப்பதற்கே தின்றாக வேண்டும். அந்நாள்களில் கடனுக்கு வட்டி ஏறும். நோய் அபாயமும் தொடரும். ஆண்டுக்கு இரு தொகுதி வளர்க்க வேண்டிய கொட்டகையில் ஒரு தொகுதியே வளரும். கடன் தவணை 6 மாதம் என்று எழுதி, பன்றியின் வளர்ச்சி 9 மாதம் என்று அமைந்தால், தவணை தவறுவதற்குக் கடனாளியின் நேர்மைக் குறைவைக் காரணமாகச் சொல்ல இயலாது. முழு எடை எட்டாத பன்றியை அவசரமாக விற்றுக் கடனை அடைத்தால் குடும்பத்தின் சேமிப்புக் கணக்கு அங்கேயே மூடப்பட்டுவிடும்.

எதிர்வாதங்கள்

நம் கருத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவை சில உண்டு; அவை புறந்தள்ளத் தக்கவை அல்ல. ஆலைத் தீவனத்தில் தரம் ஒரே சீராக இருக்கும், பில் இருக்கும், கடன் பணம் தீவனத்துக்கே செலவானதா என்று சரிபார்க்கவும் எளிது. கொடிக்கும் திப்பிக்கும் எந்த பில்லைக் காட்ட முடியும்? வங்கி அலுவலர் தீவன வல்லுநரும் அல்லரே?

இரண்டாம் கேள்விக்கு விடை எளிது. நெல்லுக்குப் பயிர்க்கடன் வழங்கும் அலுவலர் வேளாண் விஞ்ஞானி அல்லர். மாவட்ட அளவிலான தொழில்நுட்பக் குழு நிர்ணயித்த கடன் அளவைப் பின்பற்றியே அவர் கடன் வழங்குகிறார். கால்நடைகளுக்கும் அத்தகைய ஏற்பாடு உண்டு. கிசான் கிரெடிட் கார்டு எனப்படும் உழவர் கடன் அட்டை கால்நடை வளர்ப்புக்கும் விரிவாக்கப்படும் என்று 2018–19 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. அதற்கான நெறிமுறைகளை இந்திய ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியில் வெளியிட்டது. தீவனம், மருத்துவம், ஆள்கூலி, தண்ணீர், மின்சாரம் ஆகிய தொடர்செலவுகளுக்கு அதில் இடமுண்டு. ஒரு விலங்குக்கு எவ்வளவு என்பதை உள்ளூர்ச் செலவை ஒட்டி மாவட்டக் குழுவே முடிவு செய்கிறது. திருப்பிச் செலுத்தும் காலமும் அத்தொழிலில் வருமானம் வரும் போக்கை ஒட்டியே அமைய வேண்டும். ஆகவே புதிய சட்டம் ஒன்றும் வேண்டியதில்லை. மாவட்டக் குழுக்கள் தீவனச் செலவை ஒரே தொகையாக எழுதாமல், வாங்கும் தீவனம், வீட்டில் பதப்படுத்தும் துணைப்பொருள், சமன்செய்யும் புரதம், தாது உப்பு என்று பிரித்து எழுதினால் அலுவலருக்கும் வழி தெளிவாகும்.

பில் குறித்த கேள்வி சற்றுக் கடினமானது. ஆனால் நறுக்கும் இயந்திரம், பீப்பாய், பிண்ணாக்கு, தாது உப்பு ஆகியவற்றுக்குப் பில் உண்டு. மூடிவைத்த சைலேஜ் பைகளை நேரில் எண்ணிவிடலாம். இவையனைத்தையும்விட நம்பத்தக்க சான்று, மாதந்தோறும் பன்றியின் எடையைக் குறித்துவைக்கும் ஒரு பக்கக் குறிப்பேடு. கடன் பணம் எங்கே சென்றது என்பதை அது காட்டிவிடும். தராசு இல்லாத வீட்டில் மார்புச் சுற்றளவையும் உடல் நீளத்தையும் நாடாவால் அளந்து எடையை மதிப்பிடும் முறையைக் கால்நடை மருத்துவமனையில் கற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவதாக ஓர் ஐயமும் எழக்கூடும்: எல்லாரும் துணைப்பொருள்களை நாடினால் அவற்றின் விலையும் ஏறாதா? ஏறும். அறுவடை முடிந்ததும் மலிந்து கிடக்கும் பொருள் ஆறு மாதம் கழித்து அருமையாகிவிடும். மலிவான காலத்தில் வாங்கிப் பதப்படுத்தி வைக்கக் கையில் பணம் இருக்க வேண்டும். எளிய குடும்பங்களிடம் அப்போது இல்லாதது அப்பணமே. வங்கிக் கடன் உரிய காலத்தில் வர வேண்டும் என்று நாம் வலியுறுத்துவதன் காரணம் இதுவே.

அபாயத்தின் பக்கம்

கடன் பற்றிப் பேசுவோர் அபாயத்தைப் பேசாமல் விடக் கூடாது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-ஆம் ஆண்டில் முதன்முறையாக இந்தியாவில் உறுதிசெய்யப்பட்டது. முதலில் பாதிக்கப்பட்டது வடகிழக்குப் பகுதியே. மனிதரைத் தொற்றாத அந்நோய் பன்றிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொல்லக்கூடியது. அதற்குச் சிகிச்சை இல்லை. நோயுற்ற பன்றியின் இறைச்சித் துண்டு கலந்த உணவுக் கழிவு அது பரவும் வழிகளுள் முக்கியமான ஒன்று. விடுதி எச்சிலைக் கொதிக்கவைக்காமல் பன்றிக்குக் கொடுப்பது, மலிவுத் தீவனம் என்ற பெயரில் பேரிழப்பை வீட்டுக்கு அழைப்பதாகும். வயலிலிருந்து வரும் கொடியும் ஆலையிலிருந்து வரும் தவிடும் இவ்வகையில் பாதுகாப்பானவை. அவற்றைக் கட்டிவரும் பழைய சாக்குகள் வேறு பன்றிப் பண்ணையிலிருந்து வந்தவையாக இருக்கக் கூடாது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். பயிர்த் துணைப்பொருள்களை ஒழுங்காகப் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பது எச்சில் உணவின் மீதுள்ள நாட்டத்தையும் குறைக்கும். இதனால் காப்பீட்டாளருக்கும் வங்கிக்கும் கூட நன்மையே.

நாம் செய்யத்தக்கவை

பன்றி வளர்க்கும் வாடிக்கையாளர்களுக்கு முதலில் சொல்ல விரும்புவது: கடன் கேட்டு வரும்போது ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதிக் கொண்டுவாருங்கள். எந்தத் துணைப்பொருள், எந்த மாதத்தில், எவ்வளவு கிடைக்கும். அதைக் கெடாமல் வைக்க என்ன வசதி உண்டு. அதில் குறையும் புரதத்தையும் தாது உப்பையும் எதைக் கொண்டு ஈடுசெய்வீர்கள். தவிட்டையும் பிண்ணாக்கையும் கலக்கும் அளவை உள்ளூர்க் கால்நடை மருத்துவரிடமோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குவாஹாத்திக்கு அருகே ராணி என்னுமிடத்தில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் பன்றி ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. ஹாம்ஷயர் இனத்தையும் வட வங்காளத்தின் குங்ரு இனத்தையும் கலந்து ‘ராணி’ என்னும் கலப்பினத்தை உருவாக்கியது அம்மையமே. எளிய தீவனத்திலும் தழைக்கும் உள்நாட்டு இனத்தின் இயல்பை மதித்து எழுந்த முயற்சி அது. இனத்தேர்வும் தீவனத்தேர்வும் ஒன்றோடொன்று இணைந்தவை. முழுக்க வெளிநாட்டு இனக் குட்டியை வாங்கிவிட்டு வாழைத்தண்டைக் கொடுப்பது, விலையுயர்ந்த இயந்திரத்தை வாங்கிவிட்டு எண்ணெய் ஊற்றாமல் ஓட்டுவதைப் போன்றது.

அடுத்து, சுய உதவிக் குழுக்களுக்கு. உழவர் கடன் அட்டையைத் தனியாள் மட்டுமன்றிக் கூட்டுப் பொறுப்புக் குழுவும் சுய உதவிக் குழுவும் பெறலாம். குத்தகைக் கொட்டகை வைத்திருப்போருக்கும் இடமுண்டு. ஒரு நறுக்கும் இயந்திரத்தைப் பத்து வீடுகள் பகிர்ந்துகொள்ளலாம். பிண்ணாக்கையும் தாது உப்பையும் மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும். 2025 ஜனவரி 1 முதல் பிணையின்றி வழங்கப்படும் வேளாண் கடனின் வரம்பு 1.6 இலட்சத்திலிருந்து 2 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. கால்நடை வளர்ப்பும் அதில் அடங்கும். உரிய தேதியில் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டிச் சலுகையும் உண்டு. அதன் நடப்பு விவரத்தைக் கிளையில் கேட்டறியலாம். பெரிய அளவில் தொழில் தொடங்குவோருக்குத் தேசியக் கால்நடை இயக்கத்தின் மூலதன மானியம் இருக்கிறது. பன்றிப் பண்ணைக்கு மட்டுமன்றி, சைலேஜ் தயாரிப்பு போன்ற தீவன முயற்சிகளுக்கும் அது பொருந்தும்.

இறுதியாக, கடன் வழங்கும் தரப்பிலுள்ள நம்மைக் குறித்து. குட்டி வாங்கும் நாளிலேயே முழுத் தொகையையும் தந்துவிட்டு ஒதுங்குவதைவிட, தீவனச் செலவுக்கான பகுதியை அறுவடைக் காலத்தோடு பொருத்தித் தருவது நல்லது. தவணைத் தேதியை நாள்காட்டியைப் பார்த்து மட்டும் குறிக்காமல், பன்றி விற்பனைக்குரிய எடையை எட்டும் காலத்தையும் பார்த்துக் குறிக்க வேண்டும். களஆய்வுக்குச் செல்லும் அலுவலர் கொட்டகையின் கூரையை அளந்த பின் தீவனத் தொட்டிக்குள்ளும் ஒருமுறை கைவிட்டுப் பார்க்க வேண்டும். உமி குத்துகிறதா என்று அவர் கையே சொல்லிவிடும். நாள்தோறும் தொட்டியை நிரப்புபவர் பெண்ணாயிருக்க, ஆணின் பெயரில் மட்டும் கடன் எழுதும் வழக்கம் இருக்குமிடத்தில், இருவரையும் கூட்டுக் கடனாளிகளாகச் சேர்ப்பதும் நியாயமானது. தீவனம் குறித்த முடிவை எடுப்பவருக்குக் கடன் குறித்த விவரமும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

பயிர் தரும் தானியம் மனிதருக்கு. எஞ்சுவது விலங்குக்கு என்பது நம் முன்னோர் அறிந்த நெறி. அந்த எஞ்சுவதற்கு விலை இல்லை என்று அவர்கள் ஒருபோதும் கருதியதில்லை. தவிட்டையும் பிண்ணாக்கையும் அளந்தே கொடுத்தார்கள். அந்த அளவை இன்று கடன் ஏட்டிலும் எழுதிவைத்தால், மலையோர வீட்டின் பின்புறத்தில் வளரும் அச்சிறு சேமிப்பு உரிய காலத்தில் முதிர்வடையும். பள்ளிக் கட்டணம் கட்டும் நாளில் அக்குடும்பம் வட்டிக்கடையை நாட வேண்டிய நிலையும் வராது.